சாவா மூவாப் பேராடும் ஒரு பியூரெட்டும்

1

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் செட் வாட்ஸ்அப் குரூப் ரொம்பவும் சுறுசுறுப்பாக இருந்தது. படித்த பள்ளிக்கு ஏதாவது செய்யவேண்டும். சிங்கப்பூரில் இருப்பவன், துபாயில் இருப்பவன், என்னைப்போல சென்னையில் கோட் அடித்துப் பிழைப்பவன், ஊரிலேயே உரக்கடை வைத்திருப்பவன் என்று மொத்தம் 43 பேர். பணம் சேர்ந்துவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. என்ன செய்வது என்பதிலும் பெரிய விவாதம் எழவில்லை. வாசலில் ஒரு ஆர்ச். இரண்டு பக்கமும் தூண், மேலே பள்ளியின் பெயர், தூணில் கருப்பு கிரானைட் பதித்து அதில் எங்கள் எல்லோருடைய பெயர்கள்.

"கெமிஸ்ட்ரி லேபுக்குக் கொடுக்கலாமே" என்று நான் டைப் செய்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன் எழுதினான்: "மச்சான், லேப் உள்ள இருக்கு. யாருக்குத் தெரியும்?"

அவன் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. உண்மையான கேள்வியாகவே கேட்டான். அன்றிலிருந்து அந்த ஒரு வரி என்னை விடவில்லை. இந்தக் கட்டுரை அதற்கான பதில்தான்.

நன்னிலம் வட்டாரத்தில் இருக்கிற பள்ளி அது; பெயர் வேண்டாம். நாங்கள் பன்னிரண்டாவது படித்த காலத்தில் வேதியியலுக்கு மொத்தம் 200 மதிப்பெண். தியரிக்கு 150, பிராக்டிக்கலுக்கு 50. அந்த 50ஐயும் நான் வாங்கினேன், வாழ்நாளில் ஒரு பியூரெட்டைக் கையில் பிடிக்காமலே. லேப் இருந்தது. பூட்டும் இருந்தது. வருஷத்தில் நாலைந்து தடவை திறப்பார்கள். ஆசிரியர் மேசைக்குப் பின்னால் நின்று பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவார். "பாத்துக்கங்கடா, பிங்க் வந்து அப்படியே நின்னுச்சுன்னா அதான் எண்ட் பாயிண்ட்." எழுபது பேர் எட்டிப் பார்ப்போம். முன்வரிசைக்காரர்களுக்குப் பிங்க் தெரியும். எனக்கு முன்வரிசைக்காரர்களின் தலை தெரியும். உப்பு பகுப்பாய்வை மந்திரம்போல உருப்போட்டோம். பரீட்சைக்கு முந்தைய வாரம் பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூத்தனூருக்குப் போய் சரஸ்வதி சன்னதியில் ஹால் டிக்கெட்டை வைத்து எடுத்தோம். அந்த வகையில் எங்கள் தயாரிப்பு முழுமையானது.

அவர் கெட்ட ஆசிரியர் இல்லை. லேபுக்கென்று இருந்த உதவியாளர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. கழுவ ஆள் இல்லை, கரைசல் தயாரிக்க ஆள் இல்லை, தீர்ந்துபோன அமிலத்தை வாங்கிவைக்க ஆள் இல்லை. கட்டடம் மட்டும் இருந்தது, அதுவும் நல்ல கட்டடம். அதன் சுவரிலும் யாரோ கொடுத்ததாக ஒரு கல்வெட்டு இருந்தது.

இன்ஜினியரிங் முதல் வருஷத்தில்தான் முதன்முதலாக பியூரெட்டின் திருகைத் தொட்டேன். தண்ணீரின் கடினத்தன்மையை ஈடிடிஏ கரைசலால் அளக்கிற சோதனை. ஒயின் சிவப்பாக இருக்கும் திரவம் ஒரே சொட்டில் நீலமாக வேண்டும். என் கை நடுங்கி மூன்று மில்லி அதிகமாக விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற சென்னைப் பையன் அலட்டாமல் முடித்துவிட்டு அடுத்த ரீடிங்குக்குப் போனான். அவனுக்கும் எனக்கும் வேதியியலில் ஒரே மதிப்பெண். அந்த மூன்று மில்லிதான் வித்தியாசம்.

2

நம் ஊர்ப்பக்கம் கொடையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கல்வெட்டில் போய் நிற்பார்கள். நானும் அங்கேயே போகிறேன். ஆனால் இப்போதைய கிரானைட் பலகையையும் சோழர்காலக் கல்வெட்டையும் இரண்டு பிரதிகளாக அருகருகே வைத்து வாசித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்த எழுத்து இல்லை.

கிரானைட் பலகையில் என்ன இருக்கும்? கொடுத்தவர் பெயர், அவருடைய அப்பா அம்மா பெயர், திறந்துவைத்தவர் பெயர், தேதி. எல்லாம் நடந்து முடிந்துவிட்ட ஒரு செயலைப் பற்றிய தகவல். இறந்தகாலத்தில் எழுதப்பட்ட பிரதி.

தஞ்சைப் பெரிய கோயிலில் விளக்குக்குக் கொடுத்த கல்வெட்டைப் பாருங்கள். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. பசுவாக இருந்தால் 48, எருமையாக இருந்தால் 16. அவற்றை ஒப்புக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். எத்தனை நாள்? சூரிய சந்திரர் உள்ளவரை. இப்படிக் கொடுத்த ஆட்டுக்குக் கல்வெட்டுகளில் ஒரு பெயர் உண்டு: சாவா மூவாப் பேராடு. சாகாத, கிழடு தட்டாத ஆடு. ஆடு சாகாமல் இருக்காது. ஆனால் செத்ததன் இடத்தைக் குட்டி நிரப்பும், மந்தையின் எண்ணிக்கை குறையாது, எனவே நெய்யும் நிற்காது. கணக்குப் பாடத்தில் முதல், வட்டி என்று எதைச் சொல்கிறோமோ அதுவேதான். கூடவே ஒரு புத்திசாலித்தனமும் இருக்கிறது. காசாகக் கொடுத்திருந்தால் நெய் விலை ஏறும்போது விளக்கு மங்கியிருக்கும். ஆடாகக் கொடுத்ததால் விலைவாசி விளக்கைத் தொடவில்லை.

இதில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. ஒன்று, இது எதிர்காலத்தில் எழுதப்பட்ட பிரதி. நாளைக்கு யார், எவ்வளவு, எந்த அளவையால் என்று பேசுகிறது. இரண்டாவது, ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர்களின் பெயரும் தஞ்சைக் கல்வெட்டுகளில் இருக்கிறது. கொடுத்தவன் மட்டுமல்ல, தினமும் செய்யவேண்டியவனும் கல்லில் ஏறியிருக்கிறான். எங்கள் பள்ளி லேபில் இருபது வருஷம் குடுவை கழுவியவரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. எனக்கே அவர் பெயர் நினைவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

காஞ்சிபுரம் பக்கத்தில் திருமுக்கூடல் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே. 11ஆம் நூற்றாண்டு, வீரராஜேந்திரன் காலம். கோயிலோடு ஒரு பாடசாலை, விடுதி, 15 கட்டில் உள்ள மருத்துவமனை. மருத்துவருக்கு எவ்வளவு, அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மூலிகையும் விறகும் கொண்டுவருபவர்களுக்கு எவ்வளவு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு எவ்வளவு என்று கணக்கு வருகிறது. இருப்பில் வைத்திருக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும் வருகிறது. ஒரு லேபின் ஸ்டாக் ரெஜிஸ்டரைக் கோயில் சுவரில் செதுக்கியதுபோல இருக்கும்.

நன்னிலத்திலிருந்து அதிக தூரமில்லாத திருவீழிமிழலைக்கு ஒரு கதை இருக்கிறது. பஞ்ச காலத்தில் அடியார்களுக்குச் சோறு போட அப்பருக்கும் சம்பந்தருக்கும் சிவன் படிக்காசு கொடுத்தார். மொத்தமாக ஒரு மூட்டை கொடுக்கவில்லை, தினம் ஒரு காசு. அதிலும் சம்பந்தரின் காசுக்குக் கடைக்காரர்கள் வட்டம் பிடித்தார்கள், மாற்றுக் குறைவென்று. அவர் சாமியிடமே போய் முறையிட்டு நல்ல காசு வாங்கினார் என்பது புராணம். சாமி கொடுத்த காசாகவே இருந்தாலும் உரசிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று சொன்ன அந்தக் கடைக்காரனை எனக்குப் பிடிக்கும். நல்ல வேதியியல்காரன்.

இதைப் பழம்பெருமையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த விளக்கு எரிந்த இடத்துக்குள் ஊரில் பாதிப் பேர் நுழைய முடியாது. கல்வெட்டுகள் பேசுகிற பாடசாலைகளில் வேதம் படிக்க யார் உட்கார்ந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நெல்லை விளைவித்தவன் அந்தப் பாடசாலைக்கு வெளியேதான் நின்றான். நான் எடுத்துக்கொள்வது அந்த நியாயத்தை அல்ல, அந்தக் கணக்கு முறையை மட்டும். அது நல்ல கருவி. தப்பான கையில் இருந்த நல்ல கருவி.

3

இனி நவீன காலம். தமிழ்நாட்டில் வேதியியலுக்குத் தனியார் கொடுத்த கொடை என்றால் முதலில் வரவேண்டிய பெயர் அழகப்பச் செட்டியார். 1944இல் சென்னையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க 5 லட்சம் கொடுத்தார். இன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஏ.சி.டெக் அதுதான். பிறகு காரைக்குடி. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், அப்போது குடியரசுத் துணைத்தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

இந்தக் கதையை நாம் சொல்கிற விதம் எப்போதும் ஒன்றுதான். வள்ளல் கொடுத்தார், ஆய்வகம் வந்தது, சுபம். அதிகபட்சமாக ஏக்கரையும் லட்சத்தையும் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்வோம். அவரைப் பற்றி எழுதப்படுகிற புகழுரைகளில் பெரும்பாலானவை கர்ணன், பாரி என்று தொடங்கி முல்லைக்குத் தேரில் முடிந்துவிடும். முல்லைக்குத் தேர் கொடுத்தது அழகான செயல். ஆனால் மறுநாள் அந்தக் கொடிக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? நம் கொடை இலக்கணத்தில் அந்தக் கேள்விக்கு இடமே கிடையாது.

காரைக்குடி பிழைத்ததற்குக் காரணம் அந்தக் கேள்விக்கு அங்கே பதில் இருந்ததுதான். நிலமும் முதல் பணமும் செட்டியாருடையது. ஆண்டுச் செலவு சிஎஸ்ஐஆர் வழியாக அரசாங்கத்துடையது. விஞ்ஞானிக்குச் சம்பளம், பிளாட்டினம் மின்வாய், கரண்டு பில், நூலகத்துக்கு வரும் ஆய்விதழ் எல்லாம் வருஷாவருஷம் பட்ஜெட்டில் வந்தன. அதனால்தான் ஒரு வணிகர் ஊரில் உலோக அரிமானத்தையும் மின்கலத்தையும் எழுபது வருஷத்துக்கும் மேலாக ஆராய முடிந்திருக்கிறது. கடல்காற்று இரும்பை எப்படித் தின்கிறது என்று பார்ப்பதற்காக மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்பிலும் வருஷக்கணக்கில் காயப்போட முடிந்திருக்கிறது. வருஷக்கணக்கில் என்ற சொல்லைக் கவனியுங்கள். துருப்பிடிப்பதைப் பார்க்கவே பொறுமையான பணம் வேண்டும்.

அழகப்பரின் பெருமையை இது குறைக்கவில்லை. சொல்லப்போனால் கூட்டுகிறது. தன் பணம் எதற்குப் போதும், எதற்குப் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தொடர்ந்து செலவு செய்யக்கூடிய ஒருவரின் கையில் நிலத்தை ஒப்படைத்தார். ஆட்டை இடையரிடம் ஒப்படைத்த மாதிரி. புகழுரை எழுதுபவர்கள் 300 ஏக்கரைப் பார்க்கிறார்கள், அந்த ஒப்படைப்பைப் பார்ப்பதில்லை.

4

வங்காளத்தில் வேறொரு மாதிரி நடந்தது. 1912இல் தாரக்நாத் பாலித் என்ற வழக்கறிஞர் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குத் தன் சொத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தார். அடுத்த வருஷம் இன்னொரு வழக்கறிஞர், ராஷ்பிஹாரி கோஷ், 10 லட்சம் கொடுத்தார். இருவரும் போட்ட நிபந்தனைதான் சுவாரஸ்யம். அந்தப் பணத்தில் பேராசிரியர் பதவிகள் உருவாக வேண்டும், அவற்றில் இந்தியர்களே அமர வேண்டும். ஆர்ச் கேட்கவில்லை, நாற்காலி கேட்டார்கள்.

அந்த நாற்காலிகளில் யார் உட்கார்ந்தார்கள் என்று பாருங்கள். வேதியியலுக்கான பாலித் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய். இயற்பியலுக்கான பாலித் பேராசிரியர், 1917இல், நம் திருச்சியில் பிறந்த சி.வி.ராமன். அரசாங்க நிதித்துறையில் நல்ல சம்பளத்தில் இருந்தவர் அதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு அந்த நாற்காலிக்குப் போனார். காவிரிக்கரைப் பையன் நோபல் வாங்குவதற்கான பாதையில் ஒரு வங்காள வக்கீலின் சொத்து இருக்கிறது. ராமனைப் பற்றித் தமிழில் மேடையில் பேசுகிறவர்களில் எத்தனை பேர் பாலித்தின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்?

ராய் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1921இல் அவருக்கு அறுபது வயது. அதற்குப் பிறகு தனக்கு வரவேண்டிய சம்பளம் முழுவதையும் வேதியியல் துறைக்கே எழுதிக்கொடுத்துவிட்டார். வாங்கியவரே கொடுப்பவராக மாறிவிட்டார். மந்தையில் குட்டி பெருகியது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜாம்ஷெட்ஜி டாட்டாவும் பெங்களூர் நிறுவனத்துக்காக ஒதுக்கியது வெறும் ரொக்கம் இல்லை, வருஷா வருஷம் வருமானம் தரும் பம்பாய்ச் சொத்துக்கள். அவர் 1904இல் இறந்துவிட்டார். நிறுவனம் 1909இல்தான் உருவானது. முதல் இயக்குநர் மோரிஸ் டிராவர்ஸ், நியானையும் கிரிப்டானையும் செனானையும் வில்லியம் ராம்சேயோடு சேர்ந்து கண்டுபிடித்த வேதியியலாளர். தொடக்கத்தில் இருந்த ஒருசில துறைகளில் வேதியியலும் ஒன்று. கொடுத்தவர் போனபிறகும் பணம் வேலை செய்துகொண்டே இருந்தது.

5

கடலுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவோம். அமெரிக்காவில் இதற்கென்றே அறக்கட்டளைகள் இருக்கின்றன. நம் காதில் அறக்கட்டளை என்றால் வருஷத்துக்கு ஒரு சொற்பொழிவு, ஒரு பொன்னாடை, ஒரு டீ. அங்கே வேறு மாதிரி.

ஃபிரெடெரிக் காட்ரெல் என்ற வேதியியலாளர் புகையில் இருக்கும் தூசியை மின்னழுத்தத்தால் பிடித்து வைக்கும் கருவியைக் கண்டுபிடித்தார். இன்றும் அனல் மின்நிலையப் புகைபோக்கிகளில் அந்தத் தத்துவம்தான் சாம்பலைப் பிடிக்கிறது. காப்புரிமையைக் கொண்டு கோடீஸ்வரர் ஆகியிருக்கலாம். 1912இல் அதை வைத்து ரிசர்ச் கார்ப்பரேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார், வருகிற பணத்தை மற்றவர்களின் ஆராய்ச்சிக்குக் கொடுக்க. ராக்கெட் விட்ட காடர்டுக்கும் சைக்ளோட்ரான் கட்டிய லாரன்ஸுக்கும் ஆரம்பக் காலத்தில் அங்கிருந்து பணம் போயிருக்கிறது.

காமில் டிரேஃபஸ், ஹென்றி டிரேஃபஸ் என்று சுவிஸ் சகோதரர்கள் இருவர். செல்லுலோஸ் அசிட்டேட்டை ஆலை அளவில் தயாரித்தவர்கள். முதல் உலகப்போர் விமானங்களின் துணி இறக்கைகளில் பூசப்பட்டது அதுதான், பிறகு செயற்கைப் பட்டு நூலாகவும் ஆனது. தம்பி ஹென்றி 1944இல் இறந்தார். அவர் நினைவாக 1946இல் காமில் ஒரு அறக்கட்டளை வைத்தார், வேதியியலுக்கு மட்டும். அதன் முக்கியமான விருதின் பெயரே ஆசிரியர்-அறிஞர் என்பதுதான். ஆராய்ச்சியும் வேண்டும், வகுப்பறையும் வேண்டும், இரண்டையும் செய்கிற இளம் ஆசிரியருக்கே பணம். அதில் தம்பியின் பெயரிலான பிரிவு, முதன்மையாக இளநிலைப் படிப்பு மட்டும் நடத்துகிற சின்னக் கல்லூரிகளுக்கானது.

எனக்கு ரொம்பப் பிடித்தது வெல்ச் அறக்கட்டளை. ராபர்ட் வெல்ச் டெக்சாஸில் எண்ணெயிலும் கனிமத்திலும் சம்பாதித்தவர். அவர் விட்டுப்போன சொத்தில் 1954இல் ஹூஸ்டனில் அது தொடங்கியது. இரண்டே வரம்புகள்: பாடம் வேதியியல், இடம் டெக்சாஸ். பெரிய பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வு நிதி கொடுக்கிறார்கள், சின்னக் கல்லூரிகளின் வேதியியல் துறைகளுக்கென்று தனி நிதியும் கொடுக்கிறார்கள், இளநிலை மாணவன் ஆய்வுமேசையில் கை வைப்பதற்காக. ஒரு பாடம், ஒரு வட்டாரம். நாம் கொடை என்றால் உலகுக்கே கொடுப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு தூணைக் கட்டுகிறோம். அந்த மனிதர் சின்ன வட்டம் போட்டு உள்ளே ஆழமாகத் தோண்டினார்.

2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபலை ரைபோசோம் ஆய்வுக்காக மூன்று பேர் பகிர்ந்துகொண்டார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பிரிட்டன் அரசு நிதியில் நடக்கும் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் இருந்தவர். தாமஸ் ஸ்டைட்ஸின் ஆய்வுக்கு ஹோவர்ட் ஹ்யூஸ் என்ற தனியார் நிறுவனத்தின் பணம் இருந்தது. அடா யோனத் இருந்த வைஸ்மான் நிறுவனம், இறந்துபோன மகனின் நினைவாக ஒரு குடும்பம் கொடுத்த பணத்தில் 1934இல் தொடங்கிய ஆய்வகத்திலிருந்து வளர்ந்தது. அரசும் தனியாரும் கலந்துதான் அந்தப் பரிசு வந்தது. நாம் செய்ததெல்லாம், மூன்று வயதில் சிதம்பரத்தை விட்டுப்போனவரை நம்ம ஊர்க்காரர் என்று கொண்டாடியதுதான்.

6

இந்த இடத்தில் என்னை நானே மறித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இது ஆபத்தான வாதம்.

முதல் மறுப்பு: பள்ளிக்கூட லேபுக்கு அமிலம் வாங்கிக்கொடுக்க வேண்டியது அரசாங்கத்தின் வேலை இல்லையா? ஆமாம், அரசாங்கத்தின் வேலைதான். கொடையை அதிகம் புகழ்ந்தால் அரசு மெல்லக் கழன்றுகொள்ளும். இது கற்பனை பயம் இல்லை. 2023இல் அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்கான சட்டம் வந்தபோது ஐந்து வருஷத்துக்கு 50,000 கோடி என்று அறிவித்தார்கள். அதில் சுமார் 36,000 கோடி தொழில்துறை, கொடையாளர் போன்ற அரசு அல்லாத இடங்களிலிருந்து வரவேண்டும் என்பது கணக்கு. பத்தில் ஏழு பங்கு வள்ளல்களை நம்பி எழுதிய பட்ஜெட். ஆராய்ச்சிக்கு நாடு மொத்தமாகச் செலவிடுவதோ உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்.

இரண்டாவது: கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பொறுப்பு நிதியாகத் தரவேண்டிய 2 சதவீதம் இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் தாங்கள் தொழில் நடத்துகிற வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. தொழிற்சாலை இருக்கிற இடத்துக்குத்தான் அந்தப் பணம் முதலில் போகும். நன்னிலத்தில் என்ன இருக்கிறது? நெல்லும் உளுந்தும். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்ததை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். அதன் மறுபக்கம் இது. ஆலை வராத ஊருக்கு ஆலைப் பணமும் வராது. நமக்கு ஒரு வெல்ச் வேண்டியிருப்பது அதனால்தான்.

மூன்றாவது மறுப்புதான் பெரியது. படி அளக்கிறவன் சொல்வதைத்தானே ஆராய்ச்சியும் சொல்லும்? டெல்டாவில் இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. 2017இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்து வயலில் கசிந்தபோது ஊரே தெருவுக்கு வந்தது. மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு யார் சொல்லும் பதிலை நம்புவது? நிறுவனத்தின் சோதனையை ஊர் நம்பாது. ஊரின் சந்தேகத்தை நிறுவனம் மதிக்காது. நடுவில் நின்று அளக்க, அந்த ஊரிலேயே ஒரு லேப், அந்த ஊர்ப் பிள்ளைகள், சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு பியூரெட் இருந்திருக்க வேண்டும். திருவீழிமிழலைக் கடைக்காரன் மாதிரி, யார் கொடுத்த காசானாலும் உரசிப் பார்க்கிற ஆள்.

நம் பக்கத்தில் கெமிக்கல் என்பதே வசவுச் சொல்லாகிவிட்டது. எண்ணெய்க் கிணறு, பூச்சிமருந்து, நெல்லுக்கு இறைத்த யூரியா எல்லாம் சேர்ந்து அந்தச் சொல்லைக் கெடுத்துவைத்திருக்கின்றன. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் போர் தண்ணீரில் உப்பு ஏறுகிறதா என்று தெரிந்துகொள்ள நாக்கு மட்டும் போதாது. குளோரைடை அளக்கச் சுலபமான முறை இருக்கிறது: பொட்டாசியம் குரோமேட் இரண்டு சொட்டு, பிறகு சில்வர் நைட்ரேட் கரைசல், மஞ்சள் செங்கல் நிறமாகும் இடத்தில் நிறுத்தவேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடலாம். சிக்கல், சில்வர் நைட்ரேட் என்பது வெள்ளி. வெள்ளி விலை ஏறினால் அதுவும் ஏறும். வருஷாவருஷம் தீர்ந்துபோகும், வருஷாவருஷம் வாங்கவேண்டும். அதில் யார் பெயரையும் செதுக்க முடியாது. கரைந்துவிடும்.

ஆக, அரசு விலகுவதற்கான சாக்காக இல்லாமல், கொடுப்பவனின் வாயாகவும் இல்லாமல் ஒரு கொடை எப்படி இருக்கமுடியும்? என் பதில் சின்னது. கட்டடமும் சம்பளமும் அரசின் கடமை, அதற்குச் சண்டை போடவேண்டும், மனு கொடுக்கவேண்டும். கொடுக்கிறவர் ஒருவராக இல்லாமல் பலராக இருக்கவேண்டும், யாருடைய பங்கும் மற்றவரை அதட்டும் அளவுக்குப் பெரிதாக இருக்கக்கூடாது. பணம் தீர்ந்துபோகும் பொருளுக்குப் போகவேண்டும். முதல் தொடப்படக்கூடாது. ஒவ்வொரு வருஷமும் என்ன வாங்கினோம் என்பது சுவரில் இருக்கவேண்டும்.

7

குரூப்பில் வோட்டெடுப்பு நடந்தது. ஆர்ச்சுக்கு 31, லேபுக்கு 12. ஜனநாயகம். ஆர்ச்சுக்கு என் பங்கையும் கொடுத்துவிட்டேன், சண்டைக்காரன் என்று பெயர் வாங்க விருப்பமில்லை. அந்தப் பன்னிரண்டு பேரும் தனியாக ஆளுக்குப் பத்தாயிரம் போட்டோம். 1,20,000 ரூபாய். 7 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 8,400. மாதம் எழுநூறு ரூபாய். சென்னையில் ஒரு குடும்பம் ஒரு தடவை ஹோட்டலில் சாப்பிட்டால் முடிந்துபோகும் காசு.

அதைச் சொல்லப் பள்ளிக்குப் போனேன். இப்போது இருக்கிற வேதியியல் ஆசிரியர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். லேபைத் திறந்து காட்டினார். பழைய பூட்டு இல்லை, வாரத்துக்கு ஒருநாளாவது திறக்கிறாராம். குடுவைகளை அவரே கழுவுகிறார். தன் கைக்காசில் வாங்கிய வடிதாள் கட்டு ஒன்று மேசையில் கிடந்தது. நான் ஆட்டுக் கணக்கெல்லாம் சொல்லி உற்சாகமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"ரொம்ப சந்தோஷம் தம்பி. அடுத்த வருஷமும் வருமா?"

"வரும் சார்."

"இல்ல, எல்லாரும் முதல் வருஷம் வருவாங்க. அதான் கேட்டேன்."

அவருக்கு வட்டிக் கணக்கு தெரியாமல் இல்லை. மனிதக் கணக்கும் தெரியும். டெபாசிட்டைப் புதுப்பிக்க யார் பேங்குக்குப் போவார்கள், விலைவாசி ஏறும்போது யார் முதலைக் கூட்டுவார்கள், அவர் மாற்றலாகிப் போனபின் அடுத்து வருகிறவரிடம் யார் சொல்வார்கள்? ஆடு குட்டி போடும். ரூபாய் அப்படியே கிடந்து கிழடு தட்டும். ஒரு காலத்தில் பெரிய தொகையாக இருந்த எத்தனையோ கல்லூரிப் பரிசு நிதிகள் இன்று வெறும் சான்றிதழாகச் சுருங்கியிருக்கின்றன. அதனால் ஒரு விதி சேர்த்துக்கொண்டோம்: வட்டியில் ஒரு பகுதியைச் செலவழிக்காமல் முதலில் சேர்ப்பது, ஆளுக்கு வருஷம் ஒரு ஆயிரம் புதிதாகப் போடுவது. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வருகிற ஒருவர் லேபுக்குப் போய் ரெஜிஸ்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். உரக்கடை நண்பன்தான் பேங்க் வேலையை ஏற்றுக்கொண்டான். "நான்தான் இங்கயே இருக்கேன்ல" என்றான். இடையன் கிடைத்துவிட்டான்.

இதனால் நன்னிலத்திலிருந்து நோபல் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு பேரில் ஐந்து வருஷம் கழித்து எத்தனை பேர் மிஞ்சுவோம் என்பதும் எனக்குத் தெரியாது. அந்த ஆசிரியரின் கேள்வி என் தலைக்குமேல் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அது தொங்குவதும் நல்லதே.

ஆர்ச் வேலை சித்திரையில் முடிந்தது. நன்றாகவே இருக்கிறது, பெயர்கள் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன, என் பெயர் உட்பட. அதே மாதத்தில் லேபின் சுவரில் ஆசிரியர் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டிப் போட்டோ அனுப்பினார். ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது: பியூரெட் 6, பிபெட் 10, பொட்டாசியம் பெர்மாங்கனேட் 500 கிராம், சில்வர் நைட்ரேட் 25 கிராம். அதற்குக் கீழே அடுத்த வருஷத்துக்கென்று தேதி மட்டும் எழுதி இடம் காலியாக விட்டிருந்தார்.